தொடும் கையும் தொக்கணக் கலையும்

உடம்பில் ஓரிடம் நொந்தால் கை தானாகவே அவ்விடத்தை நாடிச் செல்கிறது. முழங்காலைக் கதவில் இடித்துக்கொண்ட குழந்தை அழுதுகொண்டே அவ்விடத்தைத் தேய்த்துக்கொள்கிறது. தலைநோவுற்றவர் நெற்றிப் பொட்டை அழுத்திக்கொள்கிறார். நெடுந்தொலைவு நடந்து வந்தவர் அமர்ந்தவுடன் தம் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிறார். இவற்றை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. மருந்துகள் தோன்றுவதற்கு முன்னரே கை மருந்தாயிருந்தது என்பது மிகையன்று. இயல்பான இச்செயலை முறைப்படுத்தி, எந்நோய்க்கு எவ்வகை ஏற்றது, எவ்வளவு ஏற்றது என்று வரையறுத்தபோது அது ஒரு மருத்துவக் கலையாயிற்று. இன்று பலரும் அதனை ‘மசாஜ்’ என்கின்றனர். நம் சித்த மருத்துவ நூலார் ‘தொக்கணம்’ என்றனர்.

இக்கலையைப் பற்றி இருவேறு தவறான எண்ணங்கள் நம்மிடையே நிலவுகின்றன. ஒரு சாரார் இதனைச் செல்வர்தம் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகின்றனர். மற்றொரு சாரார் இஃது எந்நோயையும் போக்கும் என்று நம்பி, எலும்பு முறிந்த கையையும் எண்ணெயிட்டு உருவுகின்றனர். இரண்டும் பொருந்தா. தொக்கணம் ஒரு மருந்து எனின், மருந்துக்குரிய வகை, அளவு, விலக்கு ஆகிய மூன்றும் அதற்கும் உண்டு. அம்மூன்றையும் அறிந்த கையே பிறர் உடலைத் தொடத்தக்க கை; அவ்வாறு அறிந்த கைக்குரிய மதிப்பைச் சமுதாயம் இன்னும் முழுமையாக வழங்கவில்லை. இவ்விரண்டுமே நாம் இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்புவன.

சொல்லிலேயே உள்ள வகைமை

தமிழ் பயில்வோராகிய நாம் முதலில் சொற்களிலிருந்து தொடங்குவோம். வருடுதல், நீவுதல், உருவுதல், தேய்த்தல், பிசைதல், அமுக்குதல், பிடித்துவிடுதல், தட்டுதல், மிதித்தல் என்று தமிழில் வழங்கும் வினைகள் ஒன்றற்கொன்று வேறானவை. விரல் மேலோட்டமாகப் பட்டுச் செல்வது வருடுதல். உள்ளங்கை படிய ஒரே போக்கில் செல்வது நீவுதல். பற்றிய பிடி தளராமல் உறுப்பின் நீளத்திற்குச் செல்வது உருவுதல். தசையை மாவெனத் திரட்டித் திரட்டி விடுவது பிசைதல். சுளுக்கை உருவுவார்களேயன்றி வருடுவாரில்லை. குழந்தையின் முதுகை வருடுவார்களேயன்றி அமுக்குவாரில்லை. எழுத்தறியாத மூதாட்டியும் இச்சொற்களை இடமறிந்து ஆள்கிறார். கையின் செயலை இத்துணை நுட்பமாகப் பிரித்தறிந்த மக்களிடமே இத்துணைச் சொற்கள் தோன்றியிருக்க இயலும்.

இவ்வழக்காற்றுக்கு நூல்வடிவம் தந்தவர் சித்தர் மரபினர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் எனத் தொக்கணத்தை அவர்கள் ஒன்பது வகையாகப் பகுத்தனர். இவற்றுள் தட்டல், அழுத்தல் போன்றவை தசையை நோக்கியவை. இழுத்தல், முறுக்கல், அசைத்தல் போன்றவை மூட்டுகளின் இயக்கத்தை நோக்கியவை. எண்ணெயிட்டும் இடாமலும் இவற்றைச் செய்யும் வழக்கமுண்டு. வளி மிகுதியால் தோன்றுவன என்று அவர்கள் கருதிய மூட்டுவலி, இடுப்புவலி, பக்கவாதம் முதலியவற்றில் உள்மருந்தோடு வெளிமருந்தாக இது வைக்கப்பட்டது. இதனோடு தொடர்புடையது வர்ம மருத்துவம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மப் புள்ளிகளை அம்மரபு கூறுகிறது. அடிபட்டால் கேடு விளைவிக்கும் இடங்கள் இவை என்று முதலில் கற்பித்த பின்னரே ஆசான்கள் மாணாக்கரைத் தொட அனுமதித்தனர். எங்குத் தொடலாகாது என்பதே முதற்பாடமாய் அமைந்தது ஈண்டுக் கருதத்தக்கது.

பிற நாடுகள் போற்றிய முறை

இவ்வறிவு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கிரேக்கரிடமிருந்து பெற்று அரபு மருத்துவர் வளர்த்த யுனானி மருத்துவத்தில் இதற்குத் ‘தல்க்’ என்று பெயர். பேரறிஞர் இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் இதனைத் தன்மையாலும் அளவாலும் பகுத்துக் காட்டினார். வன்மையாகத் தேய்த்தல் உடலை இறுக்கி உறுதியாக்கும். மென்மையாகத் தேய்த்தல் தளர்த்தும். நெடுநேரம் தேய்த்தல் மெலிவிக்கும். மிதமாகத் தேய்த்தல் வளர்க்கும் என்பது அவர் கருத்து. உடற்பயிற்சிக்கு முன் உடலை ஆயத்தப்படுத்தும் தேய்ப்பு வேறு, பயிற்சிக்குப் பின் களைப்பை நீக்கும் தேய்ப்பு வேறு என்றும் அவர் பிரித்தார். அவர் கூறிய காரணங்கள் அனைத்தையும் இன்றைய உடலியல் ஏற்காது. எனினும், ஒரே செயல் அளவு மாறினால் பயனும் மாறும் என்ற அடிப்படைக் கருத்தை எவரும் மறுத்தற்கில்லை.

இந்தியக் கையின் திறத்தை ஆங்கிலேயர்க்கு அறிமுகப்படுத்தியவர் பாட்னாவில் 1759-இல் பிறந்த சேக் தீன் முகமது. அவர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் இணைந்த நிலையத்தை நடத்திப் பெரும்புகழ் பெற்றார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களுக்கும் அப்பணியில் அமர்த்தப்பட்டார். இன்று தலைக்குத் தேய்க்கும் நீர்மத்திற்கு வழங்கும் ‘ஷாம்பு’ என்னும் சொல், அமுக்குதல், பிசைதல் என்னும் பொருளுடைய இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றதாகும். கையின் பெயர் புட்டியின் பெயராய் மாறி நம்மிடமே திரும்பி வந்த வரலாறு வியப்பிற்குரியது.

ஐரோப்பாவில் இதனைப் பாடத்திட்டமாக்கியோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். சுவீடன் நாட்டின் பெர் ஹென்ரிக் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்வி நிறுவனம் ஒன்றை நிறுவி, மருத்துவ உடற்பயிற்சியோடு இதனையும் இணைத்தார். பின்னர் ஆலந்து மருத்துவர் யோகான் கியோர்க் மெட்ஸ்கர் கையின் செயல்களை முறைப்படுத்தினார். நீவல், பிசைதல், உராய்த்தல், தட்டல், அதிர்த்தல் என்னும் ஐந்தும் இன்று ‘சுவீடன் முறை’ என்று உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் 1930-களில் வகுத்த நிணநீர் வடிப்பு முறை மற்றொரு வகை. அதில் தசை பிசையப்படுவதில்லை. தோல் மட்டும் மிக மெல்ல நகர்த்தப்படுகிறது. ஜப்பானியரின் ‘ஷியாட்சு’ விரலழுத்தத்தையும், தாய்லாந்து முறை அழுத்தத்தோடு உறுப்புகளை நீட்டி வளைத்தலையும் முதன்மையாகக் கொண்டவை.

பயன்கள் எவை?

இனி, இவற்றால் உடலுக்கு விளையும் பயன்களை நோக்குவோம். நொந்த இடத்தைத் தேய்த்தால் வலி குறைவது ஏன் என்ற வினாவிற்கு 1965-இல் மெல்சாக், வால் என்னும் அறிஞர்கள் ஒரு விளக்கம் தந்தனர். தொடுவுணர்ச்சியைக் கொண்டுசெல்லும் பருமனான நரம்பிழைகள் தண்டுவடத்தில் ஒரு வாயிலை அடைப்பதுபோல் செயற்பட்டு, வலியின் செய்தி மூளைக்குச் செல்வதைக் குறைக்கின்றன என்பது அக்கொள்கையின் சாரம். பின்வந்த ஆய்வுகள் அதன் சில கூறுகளைத் திருத்தியபோதிலும் அதன் மையக் கருத்து நிலைத்து நிற்கிறது. மேலும், மெதுவாக வருடும்போது மட்டும் விழித்தெழும் தனிவகை நரம்பிழைகள் நம் தோலில் உள்ளன. அவை இதமான உணர்வை மூளைக்குத் தெரிவிக்கின்றன. தாயின் கை பட்டவுடன் குழந்தை அமைதியடைவதற்கு உடலியல் சார்ந்த அடிப்படையும் உண்டென்பது இதனால் புலனாகிறது.

குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று குறிப்பிடத்தக்கது. 1986-இல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டு குழுவினர், நாள்தோறும் மும்முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், 10 நாள் வருடலும் உறுப்பசைவும் பெற்ற குழந்தைகளின் எடை மற்றவற்றினும் 47 விழுக்காடு மிகுதியாகக் கூடியதாக வெளியிட்டனர். பின்னர் வந்த ஆய்வுத் தொகுப்புகள் இப்பயனை அளவோடே ஏற்றன. எனினும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட பிஞ்சுகளைத் தொடலாகாது என்றிருந்த எண்ணத்தை அவ்வாய்வு அசைத்தது.

உழைத்துக் களைத்த தசையைப் பற்றிய ஓர் ஆய்வு 2012-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. கடும் பயிற்சிக்குப் பின் 10 நிமிடம் பிடித்துவிடப்பட்ட தசையில் அழற்சியைத் தூண்டும் கூறுகள் குறைந்திருந்தன. ஆனால் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் வெளியேறுகிறது என்று பயிற்சியாளர் பலரும் கூறிவரும் காரணத்தை அவ்வாய்வு உறுதி செய்யவில்லை. ஆய்வுக்கு உட்பட்டோர் 11 இளைஞரே; ஆதலின் முடிவையும் அவ்வளவிலேயே கொள்ளல் வேண்டும்.

நம்மில் பலரை வாட்டும் இடுப்புவலியில் தொக்கணம் குறுகிய காலத்திற்குத் துயர் தணிக்கிறது. நீண்டகாலப் பயனுக்குச் சான்று வலுவாக இல்லை. இங்கிலாந்தின் ‘நைஸ்’ நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியோடு சேர்த்தே இதனைக் கைக்கொள்ள வேண்டும் என்கிறது. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கிய மகளிர்க்கு, அழுத்தக் கட்டோடு சேர்த்து நிணநீர் வடிப்பு முறை துணையாகிறது. அச்சமும் பதற்றமும் தணிதல், உறக்கம் எளிதாய் வருதல், விறைத்த தசை தளர்தல் ஆகியவையும் துய்த்தோர் அறிந்த பயன்களே. ஆயினும் இது சர்க்கரை நோயைப் போக்கும், புற்றுநோயைக் கரைக்கும், உடலின் நஞ்செல்லாம் நீக்கும் என்று விளம்பரம் செய்வாரை நாம் நம்பவேண்டுவதில்லை. துயர் தணித்தலே இக்கலையின் பெருமை. நோயின் வேரறுப்பது என்று அதனை உயர்த்திக் கூறுவது, அதற்கிருக்கும் நற்பெயரையும் கெடுப்பதாகும்.

விலக்குகள் எவை?

தொடத்தகாத நேரத்தில் தொட்ட கை நோயைக் கூட்டும். இதனை ஒவ்வொரு வீட்டாரும் அறிதல் வேண்டும் என்பதால் சற்று விரித்துரைக்கிறோம்.

விளையாடும்போது விழுந்து முழங்கை வீங்கிய சிறுவனுக்கு எண்ணெயிட்டு நன்றாக உருவிவிடும் வழக்கம் ஊர்தோறும் உண்டு. முழங்கையைச் சுற்றியுள்ள தசை அடிபட்ட நிலையில் வன்மையாகப் பிசையப்பட்டால், அத்தசைக்குள்ளேயே எலும்பு போன்ற திசு வளர்ந்து மூட்டு மடங்காமல் இறுகிப்போகும் ஆபத்து உள்ளது. வலி தீர்க்கும் என்று செய்த செயலால், வாயருகே கை கொண்டுசெல்ல இயலாத நிலை வாழ்நாள் முழுதும் நேரலாம். ஆதலால் வீக்கமும் அசைக்க இயலாமையும் இருப்பின், எலும்பு முறிவில்லை என்று எக்ஸ்ரே படம் காட்டும் வரை எவர் கையும் அதன்மேல் படலாகாது.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிக் கெண்டைச்சதை வலித்தால், உள்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அறுவை மருத்துவத்திற்குப் பின்னும், பேறுகாலத்திலும், நெடுநாள் படுத்திருப்போர்க்கும் இது நேரக்கூடும். அக்காலைப் பிடித்துவிட்டால் உறைவுக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே பறிக்கலாம். முடிதிருத்தும் நிலையங்களில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கெடுக்கும் வழக்கமும் கைவிடத்தக்கது. கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் உள்ளன. திடீர்த் திருகலால் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்பட்ட நிகழ்வுகளை மருத்துவ உலகம் பதிவு செய்துள்ளது.

நெடுநாள் படுக்கையிலிருக்கும் முதியோரைப் பேணுவோர், அவர்தம் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கக் கண்டால் இரத்த ஓட்டத்திற்கென அவ்விடத்தைத் தேய்க்கின்றனர். படுக்கைப்புண்ணின் தொடக்கமான அவ்விடத்தைத் தேய்த்தல் கேட்டையே விளைவிக்கும் என்பது இன்றைய செவிலியர் நெறி. அவ்விடத்தில் அழுத்தம் படாதவாறு நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தலே செய்யத்தக்கது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்க்குச் சூடான எண்ணெயும் வன்மையான அழுத்தமும் ஆகா; புண்பட்டாலும் அவர் உணரார். கருவுற்றவரின் வயிற்றை உருவிக் குழந்தையைத் திருப்ப முயல்வதும், குளிப்பாட்டும் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதும் அறவே நீக்கத்தக்கவை. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குச் சென்று அழற்சியை உண்டாக்கும். காய்ச்சல், தோல்நோய், தீப்புண், எலும்பைத் தாக்கிய புற்றுநோய் ஆகியவை இருப்பின் மருத்துவரைக் கேளாமல் தொடுதல் தவறு.

கைக்குரிய மதிப்பு

இத்துணை அறிவு வேண்டும் கலையைச் செய்தவர்க்கு நம் சமுதாயம் அளித்த இடம் யாது? முற்காலத்தில் முடிதிருத்துதலும், கட்டுப் போடுதலும், உடம்பு பிடித்துவிடுதலும் ஒரே குடியினர் கையில் இருந்தன. ‘மருத்துவர்’ என்றே அக்குடியினர் பெயர் பெற்றனர். அவர்தம் மகளிரே பேறு பார்த்த ‘மருத்துவச்சி’. அவர்கள் கையில் பிறந்து, அவர்கள் கையால் நோவு நீங்கியோரே அவர்களைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தினர். பிறர் உடலைத் தொடுதல் இழிவென்று கருதியதால் கற்றோர் அத்தொழிலுக்கு வரவில்லை; செய்தோர்க்குக் கல்வியும் கிட்டவில்லை. தலைமுறை தலைமுறையாய்ச் சேர்ந்த கையறிவு ஏட்டில் ஏறாமலே பெரிதும் மறைந்தது. மேலே கூறிய தவறுகளுக்கெல்லாம் முடிதிருத்துவோரையும் முதியோரையும் மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. கற்பிக்காமல் விட்டவர்க்கும் அப்பழியில் பங்குண்டு.

பிற நாட்டார் வேறு வழி கண்டனர். ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பார்வையற்ற மருத்துவர் சுகியாமா வாய்ச்சி, பார்வையற்றோர்க்கு இக்கலையைக் கற்பிக்கப் பள்ளிகள் நிறுவினார். கண்ணுக்கு எட்டாததை விரல் அறியும் என்று உணர்ந்த அந்நாட்டார், அதனை அவர்களுக்கு மானமுள்ள தொழிலாக்கினர். 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயின்று தேர்வெழுதி உரிமம் பெற்றவரே அங்கு இத்தொழில் செய்ய இயலும். தாய்லாந்தில் மூன்றாம் ராமா மன்னர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில், பாங்காக்கின் வாட் போ ஆலயத்தில் மருத்துவ அறிவு கல்லில் பொறித்து வைக்கப்பட்டது. யாவரும் கண்டு கற்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்நாட்டின் ‘நுவாட் தாய்’ கலையை யுனெஸ்கோ 2019-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

நம் நாட்டிலும் நல்ல தொடக்கங்கள் இல்லாமலில்லை. 1964-இல் தோன்றிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும், 2005 முதல் தாம்பரத்தில் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் வர்மமும் தொக்கணமும் முறையாகக் கற்பிக்கப்படுகின்றன. 2021-ஆம் ஆண்டு நடுவண் சட்டம் பிசியோதெரபி உள்ளிட்ட துணை மருத்துவத் தொழில்களை வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆனால் பட்டம் பெற்றோரின் கை எட்டாத சிற்றூர்களில் இன்றும் முறையறியாத கையே துணையாகிறது. மறுபுறம், நகரங்களின் விடுதிகளில் இக்கலை நறுமணமும் மெல்லிசையும் சூழ உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது. மூட்டை சுமக்கும் தோளுக்கும், நாள் முழுதும் நாற்று நடும் இடுப்புக்கும் அது கிட்டுவதில்லை. யாருக்கு மிகவும் வேண்டுமோ அவருக்கு எட்டாததாய் ஒரு மருந்து இருப்பது நீதியாகாது.

ஆகவே நாம் வேண்டுவன சில. உடம்பு பிடித்துவிடும் தொழிலில் இருப்போர்க்கு, அவர்தம் தொழிலை இழிக்காமல், எப்போது தொடலாகாது என்பதையேனும் கற்பிக்கும் குறுகிய காலப் பயிற்சிகளை அரசும் மருத்துவக் கல்லூரிகளும் நடத்தவேண்டும். பார்வையற்ற இளைஞர்க்கு இக்கலையைத் தொழிற்கல்வியாக்கலாம். மகளிர்க்கு மகளிரே, ஆடவர்க்கு ஆடவரே செய்தலும், தொடுமுன் நோயாளியின் இசைவைக் கேட்டலும் நெறியாக வேண்டும். ‘மசாஜ் நிலையம்’ என்ற சொல்லே ஐயத்திற்குரியதாய் மாறிவிட்ட இந்நாளில், இந்நெறியே நேர்மையாய் உழைப்பவரின் மானத்தைக் காக்கும். தமிழ்த்துறை மாணவ மாணவியர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. தத்தம் ஊரில் உள்ள முதிய மருத்துவச்சிகளையும் ஆசான்களையும் கண்டு, அவர்தம் சொற்களையும் முறைகளையும் தொகுத்தெழுதலாம். அவற்றுள் மருத்துவம் ஏற்பது எது, தள்ளுவது எது என்று பின்னர் ஆராய்வோர்க்கு அஃது அடித்தளமாகும்.

வீட்டில் பெற்றோரின் பாதத்தை மிதமான கையால் நீவிவிடுவதற்குப் பட்டம் எதுவும் வேண்டுவதில்லை. வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே தொடும் கை அவ்வளவில் நல்ல கையே. அதற்கு மேற்பட்ட நோய்க்கு, கற்ற கையை நாடுவோம். அக்கைக்கு உரிய கூலியையும் உரிய இருக்கையையும் தருவோம்.